மேலே வறட்சி, கீழே சேறு

கரையான்சாவடியில் இருக்கும் என் கிளினிக்குக்கு வருபவை பெரும்பாலும் நாயும் பூனையும்தான். ஆமை எப்போதாவது வரும். ஒருநாள் காலை சேகர் ஒரு செருப்பு டப்பாவை மேஜைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு வயதுகூட ஆகாத ஆமைக்குட்டி. பெயர் போண்டா. நம்மூர் நட்சத்திர ஆமையாக இருந்தால் வீட்டில் வளர்ப்பதே குற்றம். அதனால் முதலில் இனத்தைப் பார்த்தேன். இது ஆப்பிரிக்காவின் சல்காட்டா. பதிவுச் சான்றும் வைத்திருந்தார்.

சேகர் அம்பத்தூரில் லேத் பட்டறை நடத்துகிறார். பிறந்து வளர்ந்தது கரையான்சாவடி. கல்யாணமானபின் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஃப்ளாட்டுக்குப் போய்விட்டார்.

"டாக்டரம்மா, கழுத்தாண்ட தோலு வெள்ளை வெள்ளையா உரிஞ்சிகினே கீது. தேங்காண்ணெ தடவுனேன், கேக்கல."

முன்னங்கால் தோலும் வெடித்திருந்தது. ஓட்டின் கட்டங்கள் மேடுதட்ட ஆரம்பித்திருந்தன. குட்டிப் பருவத்தில் காற்றில் ஈரம் போதாவிட்டால் இப்படித்தான் ஆகும் என்றேன்.

"மெட்ராஸ் காத்துல ஈரத்துக்கு இன்னா பஞ்சம்?"

"இத விட்டு வெக்கிற பெட்டி எந்த ரூம்ல இருக்கு?"

"பெட்ரூம்ல. ஏசி ஓடிகினே இருக்கும்."

ஏசியும், ஆமைக்குச் சூடு தர மாட்டிய பல்பும் சேர்ந்து பெட்டிக்குள் இருந்த ஈரத்தை உறிஞ்சிவிட்டிருந்தன. எண்ணெயை நிறுத்தச் சொன்னேன். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை முழுகாத அளவுக்குச் சிறிது நேரம் விடவேண்டும். தரைக்குத் தென்னைநார்த் தூள், பிழிந்தெடுத்த ஈரத்தோடு. பெட்டிக்கு மூடி. காற்றின் ஈரத்தைக் காட்டும் ஹியூமிடிட்டி மீட்டர் எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. எல்லாவற்றையும் போனில் பதிவு செய்துகொண்டு போனார்.

சில வாரம் கழித்து அதே டப்பாவோடு ஒரு பெண் வந்தார். சேகரின் மனைவி தேவி. ஈரோட்டுக்காரர், ஐடி கம்பெனியில் மாலை ஷிப்ட்.

"மூணு நாளா எதுவும் திங்கலைங்க. அடில ஒரு நாத்தம் வருதுங்க."

திருப்பிப் பார்த்தேன். அடி ஓட்டில் சிவப்புத் திட்டுகள், ஒரு ஓரத்தில் ஓடு மெத்தென்று இருந்தது. ஈரத்தில் கிடந்து புண்ணாகியிருந்தது. ஆனால் கழுத்துத் தோல் பழையபடியே உரிந்துகொண்டிருந்தது. ஒரே உடம்பில் மேலே வறட்சி, கீழே சேறு. எனக்குப் புரியவில்லை. அடி ஓட்டில் அயோடின் மருந்து தடவி, புண் ஆறும்வரை காகித விரிப்பில்தான் விடவேண்டும் என்றேன். மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து வரவேண்டும் என்றும் சொன்னேன்.

"அவரு காலைல ஏழு மணிக்கே கெளம்பிருவாருங்க. நான் வர்றப்ப தூங்கிட்டு இருப்பாரு."

"லீவு போட்டுட்டு வாங்க."

வந்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். பெட்டிக்கு என்னென்ன செய்கிறீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டேன்.

"வேலைலேர்ந்து வந்ததும் மீட்டரைப் பாப்பேன். தெனம் அம்பதுலதான் நிக்கும். ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டு மூடி வெச்சிருவேன்," என்றார் சேகர்.

"காலைல அவரு போனப்பறம் பாத்தா பெட்டிக் கண்ணாடியெல்லாம் வேர்த்து, சேறாட்டங் கெடக்குமுங்க," என்றார் தேவி. "பாவம், சளி புடிச்சுக்குமேன்னு மூடியத் தெறந்து வெச்சுருவேன். பல்பையும் போட்டு உடுவேன். மத்தியானம் கெளம்பறப்ப பல்லி உள்ள போயிருமுன்னு மறுக்கா மூடிருவனுங்க."

சேகர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப தெனம் மூடிய நீதான் தொறந்து வெக்கிறியா?"

"ஈரத்துக்குன்னு வேணும்னே தண்ணி ஊத்தறீங்கன்னு எனக்கென்னங்க தெரியும்? பெட்டியக் கழுவி உடறீங்கன்னு நெனச்சேன்."

"சொல்லக்கூடாதா?"

"எப்பச் சொல்றது? ஞாயித்துக்கெழமையும் பட்டறை."

தேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு போண்டாவின் தலையை ஒரு விரலால் தொட்டார். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

பிறகு வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். பழைய தூளை மொத்தமாகக் கொட்டிவிட வேண்டும். பெட்டியை ஏசி இல்லாத ஹாலுக்கு மாற்ற வேண்டும். புண் ஆறியபின் புதுத் தூள்; அடியில் மட்டும் ஈரம், மேற்பரப்பு கையில் ஒட்டக் கூடாது. மூடி பாதி. மருந்தும் குளியலும் காலையில் தேவி. மாலையில் சேகர் மீட்டரைப் பார்த்து தேவிக்குப் படம் அனுப்ப வேண்டும். தேவியைக் கேட்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அந்த வாரக் கடைசியில் சேகரின் போன் வந்தது.

"டாக்டரம்மா, அகத்திக்கீரை துன்னுது. தேவிதான் ஊட்டுறா. ஞாயித்துக்கெழம பட்டறைக்கு லீவு வுட்டுட்டேன்."

அடுத்த மாதம் இருவருமே கொண்டு வந்தார்கள். புண் ஆறி, கழுத்துத் தோல் உரிவது நின்றிருந்தது. ஓட்டின் மேடு இனித் தணியாது, புதிதாக வளரும் ஓரம் மட்டும் சமமாக வரும் என்றேன். தேவிக்கு அதில் வருத்தம்தான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. பிராணியைக் கொண்டு வருகிறவர் சொல்வது தான் பார்த்த பாதி நாளை மட்டும்தான். வீட்டில் இன்னும் யார் யார் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். இரண்டு பேர் என்றால் இரண்டு பேரையும் வரச் சொல்லுங்கள். அரைநாள் சம்பளம் போகிறதென்று முணுமுணுப்பார்கள். வந்து உட்கார்ந்தபின் அவர்களே பேசிக்கொள்வார்கள்; பெரும்பாலும் நாம் பேச வேண்டியிருக்காது.