கூடத்துச் சுவரில் ஆறு ஜமைக்காக்காரர்கள்

சோமனூர் சென்னிமலைக்குச் சொந்தத்தில் எட்டுத் தறி உண்டு. கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. இருந்தும் தொண்ணூற்றாறில், முப்பது வயதைத் தொட்டும் கல்யாணம் கூடிவரவில்லை. இரண்டு வரன்கள் வீட்டைப் பார்த்துவிட்டு, காரணம் சொல்லாமலே நழுவிவிட்டன.

பாலிடெக்னிக் விடுதியில் அவனோடு ஒரே அறையில் இருந்த கென்யாக்காரன், ஊர் திரும்பும்போது ஒரு பெட்டி நிறைய ரெகே பாட்டுக் கேசட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனான். பாடியவர்கள், வாசித்தவர்கள் எல்லாரும் ஜமைக்காக்காரர்கள். அவர்களில் ஒருவர் இறந்த சேதி உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஏதாவது பத்திரிகையில் அகப்பட்டால் போதும், படத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சட்டம் போட்டுவிடுவான். ஆள் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். அதனாலென்ன? அன்றைக்கே தலை முழுகி, கேசட்டை இரண்டு பக்கமும் ஓடவிட்டு, அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிச் சந்தனப் பொட்டு வைப்பான். அடியில் தோற்றம், மறைவு. அப்படி ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

அவிநாசியில் பார்த்த மதிவதனியை அவனுக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. பெண்வீட்டார் வீடு பார்க்க வரும் அன்று, "அந்தப் படங்களை எறக்கிப்போடு கண்ணு" என்று அம்மா ராமாத்தாள் கெஞ்சினாள்.

"அப்பா படத்தை எறக்குவீங்களாம்மா?" என்றான்.

பெண்ணின் அத்தை நாச்சியம்மாள் காபி டம்ளரோடு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெராக்ஸில் முகமெல்லாம் மங்கல்; சடைமுடியும் வருஷமும்தான் தெளிவு. மனக்கணக்குப் போட்டாள். முப்பத்தாறு, முப்பத்திரண்டு, நாற்பத்தொன்று... பெண்ணின் அப்பாவான அண்ணன் லட்சுமணசாமியின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "ஏனுங்கண்ணா, இந்த ஊட்டு ஆம்பளைங்க ஒருத்தரும் அம்பதைத் தாண்டலீங்க! வேண்டுதலுக்குச் சடை வளத்தியும் நெலைக்கலீங்க!"

ராமாத்தாள் பதறிப்போனாள். "ஐயோ, அவங்க ஒறவே இல்லீங்க! எங்கியோ ஜமைக்காவுல பாட்டுப் பாடுனவங்க. சொல்லு கண்ணு!"

சென்னிமலையும் ஆமாம் என்றான். பேஸ் கிட்டார்காரர், டிரம்ஸ்காரர் என்று ஒவ்வொருவராக அறிமுகம் வேறு செய்துவைத்தான். லட்சுமணசாமிக்கு முகம் தெளிந்தது.

"அப்பச் சரிங்க மாப்ளே. ஒறவில்லாத எழவு நமக்கெதுக்குங்க? எல்லாத்தையும் எறக்கிப்போடுங்க, இன்னைக்கே தட்டு மாத்திக்கலாம்."

தலையை ஆட்டினால் மதிவதனி வந்துவிடுவாள். பாழாய்ப்போன தலை ஆடவில்லை.

"எங்கப்பா கொரலு ஒரு டேப்புலயும் இல்லீங்க," என்று கிட்டார்காரரின் படத்தைத் தொட்டான். "இவரு பாட்டு நடுவுல இருமறதுகூட எனக்கு அத்துப்படிங்க. ஒறவில்லைன்னு எப்படிங்க எறக்கறது?"

ராமாத்தாள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். லட்சுமணசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"ஏனம்மிணி," என்றார் தங்கையிடம், "செத்துப்போன ஊரான் ஆறு பேரையே உட்டுப்போடாத பையன், நம்ம புள்ளையவா உட்டுப்போடுவான்? தட்டை எடு."

நாச்சியம்மாளுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. தட்டு மாறியதும் மாப்பிள்ளையின் பக்கம் குனிந்து, "எதுக்கும் இன்சூரன்ஸ் ஒண்ணு போட்டுருங்க" என்றாள்.