தண்ணீருக்கு மேலே ஒரு சாண்

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, கொல்லையில் இருக்கும் தாமரைத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்ததுதான். இரவெல்லாம் ஐப்பசி மழை. தண்ணீர் விளிம்பைத் தொட்டிருந்தது. இறைத்துவிடலாமா என்று பகவதி அக்காவிடம் கேட்க நினைத்து உள்ளே வந்தேன். அதற்குள் அவர் வீட்டிலிருந்தே அழைப்பு வந்தது. பேசியவர் அவர் கணவர். "டீச்சர் எந்திரிக்கல. நீங்க கொஞ்சம் வாங்கம்மா" என்றார். மனைவியை அவரும் டீச்சர் என்றுதான் சொல்வார். குற்றாலம் சாலையில் இருக்கும் அந்த வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். தூக்கத்திலேயே முடிந்திருந்தது.

அக்காவிடம் வணிகவியல் படித்தவர்களும், எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்களும் இந்த நினைவு மலரில் இதைப் படிப்பீர்கள். அவர் வீட்டுக் குளத்தையும் பார்த்திருப்பீர்கள். குளம் என்பது அவர் வைத்த பெயர். முற்றத்தில் கட்டிய சிமெண்டுத் தொட்டிதான் அது. ஒரு மழைக்காலத்தில், சுரண்டையிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் காய்ந்து நின்ற தண்டுகளைப் பார்த்துவிட்டு, செடி செத்துப்போச்சா என்று கேட்டார். "நீங்க ராத்திரி கண்ண மூடிக் கெடக்கும்போது யாரும் தூக்கிட்டா போறாவ?" என்றார் அக்கா. கேட்டவருக்குக் காப்பி புரையேறிவிட்டது.

இங்கே உறைபனி கிடையாது. ஆனாலும் கார்த்திகை மழையும் மார்கழிக் குளிரும் சேர்ந்தால் தாமரை இலை பழுத்துவிடும்; கிழங்கு சேற்றுக்குள் உறங்கப் போய்விடும். அதற்கு முன்பே அக்கா உரம் வைப்பதை நிறுத்துவார். தண்ணீரில் விழுந்த வேப்பிலைகளை அள்ளி வெளியே போடுவார். பழுத்த இலைகளை, தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தண்டை விட்டு வெட்டுவார். எதற்கு அவ்வளவு நீளம் என்று ஒருமுறை கேட்டேன். "தண்டு அதுக்கு மூக்கு. உள்ள ஓட்டை இருக்கு பாரு. தண்ணிக்குள்ள அறுத்தா கிழங்கு வரைக்கும் தண்ணி எறங்கி அழுகிரும்லா. இன்னும் மழை ஏறும், அதுக்கும் சேத்து விட்டு வெட்டு" என்றார்.

எனக்கு எதையும் விட்டுவைக்கத் தெரியாது. அவர் தந்த கிழங்கை ஊன்றிய முதல் மார்கழியில், சேற்றுக்குள் கைவிட்டு அது கெட்டியாக இருக்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏட்டி, நீ பாத்துப் பாத்தே கொன்னுருவ போலிருக்கே" என்று திட்டினார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனபோது, அக்காவின் கணவர் அண்ணாச்சி என்னைத் தனியாகக் குளத்தருகே கூட்டிப் போனார். அக்கா வேலை செய்யும்போதெல்லாம் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தவர் அவர். ஒருநாளும் அரிவாளைத் தொட்டதில்லை. இப்போது தண்ணீர் துடைத்து வைத்த தட்டுப்போல் இருந்தது. ஒரு தண்டுகூட வெளியே தெரியவில்லை.

"வருசந்தோறும் டீச்சர் செய்யுத வேலை. இந்த வருசம் விட்டுப்போகக் கூடாதுல்லா. குச்சி குச்சியா நிக்காம அடியோட அறுத்துட்டேன்" என்றார். பிறகு, "சித்திரையில பூத்திரும், என்ன?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து மழைச் சத்தம் கேட்டாலே அந்தக் குளம்தான் நினைவுக்கு வருகிறது. கிழங்கு இந்நேரம் குழைந்திருக்குமா, ஏதாவது ஒரு கணு தப்பியிருக்குமா? அண்ணாச்சி தினமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாராம். அவருக்குத் தெரியாமல் என் தொட்டியிலிருந்து ஒரு கிழங்கைக் கொண்டுபோய் ஊன்றிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதே செடியின் கிழங்குதான். பூத்தால் அவர் சந்தோஷப்படுவார். ஆனால் அவர் என்னிடம் நன்றி சொல்லும்போது அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று நினைத்ததும் அதை விட்டுவிட்டேன்.

மாதிரித் தேர்வில் தவறிய பிள்ளைகளை, முடிவைப் பலகையில் ஒட்டுவதற்கு முன்பே அக்கா ஒவ்வொருத்தியாக வராந்தாவுக்கு அழைத்துச் சொல்வார். உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். சொல்லிவிட்டு உடனே அனுப்பிவிட மாட்டார். அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அந்த வேலை அவருக்கு எளிதாக இருந்ததில்லை. முந்தின நாள் முழுக்கச் சாப்பாட்டைத் தள்ளிவைப்பார். ஒருமுறை, ஏன் இப்படி வருத்திக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். "பலகையைப் பாத்துத் தெரிஞ்சா அவ தனியால்லா நிப்பா" என்றார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வராந்தாவைத்தான். இந்த நினைவு மலர் அண்ணாச்சி கைக்கும் போகும். அச்சாகி வருமுன் ஒரு காலையில் போய், தண்டை எங்கே வெட்டியிருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்லப்போகிறேன். சொல்லிவிட்டு எழுந்து வரமாட்டேன். வேறு யாரிடமும் இதை இன்னும் சொல்லவில்லை.