சப்மரின் கொண்டுபோன வலை

கடல் தொழிலில மீன் பிடிக்கிறது ஒரு வேலை, மீன் படாத நாளில வீட்ட வந்து காரணம் சொல்லுறது அதைவிடப் பெரிய வேலை. வெறும் பெட்டியோட கரையேறித் தலையைச் சொறிஞ்ச என்ர கூட்டாளியளே, உங்களுக்குத்தான் இது விளங்கும்.

வலையைக் காணேல்லை

நாங்கள் கொக்கிளாய்ப் பக்கம். நானும் மனிசியின்ர தம்பி யேசுதாசும் ஒரே போட்டில தொழில். பின்னேரம் வலையை இறக்கிப்போட்டு வந்து, விடியப் போய் இழுக்கிறனாங்கள். இடம் பிடிக்கக் கரையைத்தான் பாக்கிறது. கோயில் கூம்பும் நேவிக் காம்பின்ர நீலத் தண்ணித் தாங்கியும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு நேராத் தெரிஞ்சா, அந்த நேரில கிடக்கும் வலை. போனில குறிச்சு வைக்கலாம் எண்டு கனபேர் சொன்னவை. யேசுதாஸ் விடான். போன் நனைஞ்சாச் செத்துப்போம், கோயில் எங்க எழும்பிப் போகப்போகுது எண்டுவான்.

அண்டைக்கு விடியப் போனால் கூம்பு நிக்குது, தாங்கி நிக்குது, வலை இல்லை. வலையில கட்டின கொடியும் இல்லை, மிதப்பும் இல்லை. மாரி முழுக்க மனிசி குந்தியிருந்து கயிறு கோத்த புது வலை. அது இல்லாட்டி இந்தச் சீசன் நாங்கள் ஊரான்ர போட்டில கூலிக்கு ஏறவேண்டியதுதான். யேசுதாஸ் தண்ணியைக் குனிஞ்சு பாத்துப்போட்டு, "அத்தான், இது சப்மரின்ர வேலை. கீழால வந்து கொளுவிக்கொண்டு போட்டுது" எண்டான். எனக்கும் வேற காரணம் வரேல்லை. வீட்ட வந்து அதையே சொன்னன். மனிசி குசினிக்குள்ள இருந்து தலையை நீட்டினா.

"ஏனப்பா, அவ்வளவு பெரிய சப்மரின் வைச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வலை வாங்க வக்கில்லையோ?"

ரீற்றா அக்கான்ர யாவாரம்

கதை கரையில பரவினதோட எல்லாருக்கும் வசதியாப் போச்சு. மீன் படாதவனுக்கும் சப்மரின், நங்கூரம் துலைச்சவனுக்கும் சப்மரின். ஒருத்தன் செருப்பைத் துலைச்சுப்போட்டு அதையும் அதின்ர தலையில கட்டினான். மீன் வாங்க வாற ரீற்றா அக்கா வெறும் பெட்டியளைப் பாத்துப் பாத்துக் களைச்சுப்போனா.

"மீன் முழுக்க அந்தச் சப்மரினிட்டத்தானாம் கிடக்கு. அதைக் கரைக்கு வரச்சொல்லுங்கோடா, நான் நேர அதோட யாவாரம் பேசுறன்."

கேக்கக் கூடாத கேள்வி

கடலுக்குப் போறவனை எங்க போறாய் எண்டு கேட்டா அண்டைக்கு மீன் படாது எண்டு ஒரு நம்பிக்கை. எங்கட ஆக்கள் வாயே திறக்கமாட்டினம். நேவிக் காம்புக்குப் புதுசா வந்த சமையல்காரருக்கு இது தெரியாது. மீசை வைச்ச, மொத்தமான சிங்கள மனுசன், ஊர் மலைநாட்டுப் பக்கம். படிச்ச தமிழைக் கதைச்சுப் பாக்கிற ஆசையில, போட் வெளிக்கிடேக்க கரைக்கு வந்து நிப்பார். "அண்ணே, எங்க போறது?" யேசுதாஸ் உடனே போட்டைத் திருப்பிப்போடுவான். வலை தேடப்போற நாளில பாதி இப்பிடியே போச்சு.

நான் போய் விளங்கப்படுத்தினன். நீங்கள் எங்க எண்டு கேக்கவும் கூடாது, வலை கிடக்கிற இடத்தை நாங்கள் ஆருக்கும் சொல்லவும் கூடாது எண்டு. மனுசன் பாவம், சரியெண்டு தலையாட்டினார். அடுத்தநாள் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டார். நான் போட் மிசினை இழுத்து ஸ்டார்ட் பண்ண, அவருக்குத் தாங்க ஏலாமப் போச்சு.

"அண்ணே, நான் கேக்க இல்ல. நீங்க சொல்லவும் வேணாம். ஆனா எங்க?"

சப்மரின் ஆசை

அண்டைக்கும் தொழில் இல்லை. மனுசனுக்கு மனம் கேக்காம எங்களைக் கூப்பிட்டுப் பால் விடாத பிளேன்ரீ ஊத்தித் தந்தார். சப்மரினில போயிருக்கிறீரோ எண்டு கேட்டன். "எனக்குப் போட் ஆடினாலே வாந்தி, அண்ணே. சப்மரின் நல்லம், அடியில அலை இல்லையாம். ஆனா நம்மட நாட்டில ஒரு சப்மரினும் இல்லையே" எண்டார். நான் யேசுதாசைப் பாத்தன். ஆள் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்.

"இல்லாதபடியாத்தானே அத்தான், ஒருத்தரும் அதைக் காணேல்லை!"

தாங்கி

எனக்கு விசர் வந்திட்டுது. வீட்ட மனிசி முகம் குடுத்துக் கதைச்சே கனநாள். மீன் படுதோ படேல்லையோ, இடத்தைச் சொல்லிப்போடுவம் எண்டு வாயைத் திறந்தன். "கோயில் கூம்பும் உங்கட நீலத் தாங்கியும் நேரா வாற இடம், தம்பி." யேசுதாஸ் ரெண்டு காதையும் பொத்தினான். சமையல்காரர் கோப்பையை மெதுவாக் கீழ வைச்சார்.

"அண்ணே, தாங்கி முந்தி அந்தப் பக்கம். தண்ணி தூக்க ஏலாம நான்தான் குசினிக்குக் கிட்ட நகத்தி வைச்சது."

நாங்கள் வலையை இறக்கிப்போட்டு வந்த அண்டைக்கு இரவுதானாம் நகத்தினவர்! கரையில தாங்கியைக் கொஞ்சம் நகத்தினாக் கடலில நேர் எங்கயோ போகும். நாங்கள் அந்தப் புது நேரிலதான் தேடிக்கொண்டு திரிஞ்சிருக்கிறம். உடன வெளிக்கிட்டம். மனுசன் தாங்கி இருந்த பழைய இடத்தில நிண்டு, தான் உடுத்திற சிவப்புச் சாரத்தைத் தடியில கட்டி ஆட்டினார். சாரமும் கூம்பும் நேருக்கு வர, கண்ணுக்கு முன்னால எங்கட கொடி. மீனை நண்டு திண்டு முடிச்சிட்டுது, வலை முழுசாக் கிடந்தது. மனிசி அதை முற்றத்தில விரிச்சு, கையால தடவித் தடவிப் பாத்தா.

"ஒரு வலைக்கண் அறுந்திருந்தாலும் ரெண்டு பேரையும் அந்தச் சப்மரினிலயே ஏத்தி விட்டிருப்பன்."

இப்ப விடிய வெளிக்கிடேக்க சமையல்காரர் ஒண்டும் கேக்கிறதில்லை, நாங்கள்தான் மிசினை இழுக்கமுதல் கேக்கிறம்: "தம்பி, தாங்கி எங்க?"