கால் பட்டதும் போகும் கை

தெலுக் பங்லிமா காராங்கில் பேக்டரி கேட்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். சூப்பர்வைசர் பின்னாலிருந்து கத்தினார்.

“டேய், ஷிப்ட் இருக்குடா! எங்க போற?”

“பிரிக்பீல்ட்ஸ், பாஸ்.”

“போய்ட்டு நாளைக்கு வந்து நிக்காத லா!”

“வரல பாஸ்.”

சண்டை ஒன்றும் இல்லை. ஞாயிறும் வேலைக்கு வர வேண்டும் என்று முந்தின நாள் சொன்னார். ஞாயிறு முடியாது என்று நான் சொன்னேன். அவ்வளவுதான். பையில் துணி கொஞ்சம், தண்ணீர் போத்தல். ஹாஸ்டல் கட்டிலை மூட்டைப்பூச்சிகளுக்கே விட்டுவிட்டேன்.

பதினைந்து வயதில் படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் நான். லோரியில் சாமான் இறக்கியிருக்கிறேன், கார் கழுவியிருக்கிறேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கியிருக்கிறேன். ஒன்று போனால் இன்னொன்று கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. அன்றைக்கு இருந்த சந்தேகம் வேறு. மதியம் ஓர் அக்கா என் மேல் சாயப் போகிறார். போன வாரம் போலக் கீழே போடாமல் அவரைத் தாங்குவேனா?

கிள்ளானுக்கு பஸ், அங்கிருந்து ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். தப்பு செய்தது அந்தக் கைதான்.

லோரி வேலையில் இருந்தபோது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடிக்கு ரப்பர் பாய்களை ஏற்றினேன். அங்கே ஆணும் பெண்ணுமாகப் பலர் ஒருவர் மேல் ஒருவர் உருண்டுகொண்டிருந்தார்கள். பாட்டு இல்லை. அடிதடி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எல்லா முகமும் நிம்மதியாக இருந்தது. முடியை ஒட்ட வெட்டிய சீன ஆசிரியை என்னைப் பார்த்து, “முழங்காலை மடக்கித் தூக்குகிறாய், நல்ல பழக்கம். ஞாயிறு வா” என்றார் மலாயில். போனேன்.

அதற்குப் பெயர் கான்டாக்ட் நடனம். படித்துவைத்த அடவு எதுவும் கிடையாது. இரண்டு பேர் எங்காவது தொட்டுக்கொள்ள வேண்டும், தோளோ முதுகோ. தொட்ட இடத்தில் எடையைக் கொடுக்க வேண்டும், வாங்க வேண்டும். அது எங்கே கொண்டுபோகிறதோ அதுதான் ஆட்டம். பிறகு மூன்று பேர், நான்கு பேர் என்று கூட்டமாகும். பிடித்து இழுக்கக் கூடாது. மூட்டை தூக்கிய எனக்குப் பிடிக்கத்தான் தெரியும். ஆனாலும் பிடியை விட ஒரு மதியத்திலேயே கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றுதான் விடவில்லை. உருளும்போது கால் எங்கேயாவது படும். யார் மேலாவது என் கால் பட்டால் கை தானாகப் போய் அவரைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். சின்ன வயதில் அடி வாங்கிப் படிந்த பழக்கம். அந்த மாடியிலோ கால் படாமல் ஒரு நிமிடம் போகாது.

என் ஜோடி, கிளினிக்கில் மருந்து எடுத்துக்கொடுக்கும் அக்கா. ரயில்வே குடும்பம், மெதடிஸ்ட் கிறிஸ்தவர், நல்ல கனமான உடம்பு. “தம்பி, என்னைய சாமியாக்கிட்ட. இனி தேங்கா ஒடைக்கிறதுதான் பாக்கி” என்று சிரிப்பார். எல்லாரும் சிரிப்போம்.

போன ஞாயிறு சிரிக்க முடியவில்லை. நான் மேசை மாதிரி நான்கு காலில் நின்றேன். அக்கா என் முதுகில் குறுக்கே படுத்து மெல்ல உருண்டார். என் பாதம் அவர் கெண்டைக்காலில் உரசியது. ஊன்றியிருந்த வலது கை தரையை விட்டு அவரைத் தொடப் போனது. மேசை சாய்ந்தது. அக்காவின் தோள் பாய்க்கு வெளியே பலகைத் தரையில் மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

ஆசிரியை ஐஸ் கட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். இந்தப் பயிற்சிப் பட்டறை முடிந்ததும் வாரா வாரம் ஆடும் குழு ஒன்று உண்டு. அதில் யார் சேரலாம் என்பதை ஜோடிதான் சொல்ல வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். “அடுத்த வாரம் கடைசி. அவள் சரி என்றால் சரி” என்றார். அந்தக் குழுவில் எப்படியும் இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. எந்த வேலையிலும் அப்படித் தோன்றியதில்லை.

மாடி ஏறியபோது அக்கா தோளைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“வந்துட்டியா. படு.”

“அக்கா?”

“குப்புறப் படு லா.”

படுத்தேன். என் முதுகில் குதிகாலை வைத்து அழுத்தினார். பிறகு தோளில். பிறகு மெதுவாகக் காதோரம்.

“மிதிச்சேன். ஒன்னயத் தொட்டுக் கும்பிட்டேனா?”

“இல்லக்கா.”

“ஒனக்கு மரியாத கொறஞ்சிதா?”

யோசித்துப் பார்த்தேன். குறையவில்லை. உண்மையில் முதுகு வலிக்கு இதமாக இருந்தது. சொன்னேன்.

“அப்ப மிதிச்சதுக்குக் காசு குடு” என்றார்.

ஆடத் தொடங்கினோம். முதலில் முதுகோடு முதுகு, பிறகு தரை. கொஞ்ச நேரத்தில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். எது யார் கால் என்று தெரியாத குவியல். அக்காவின் இடுப்பு எடை முழுவதும் என் வலது முழங்கையில் இறங்கியிருந்தபோது என் பாதம் வழுக்கி அவர் கன்னத்தில் போய் நின்றது. வேறு எங்கே பட்டாலும் பரவாயில்லை, கன்னம். தோளிலிருந்து விரல் வரை நரம்பு இழுத்தது. அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பயந்திருந்தார்.

கையை எடுக்கவில்லை. எடை முழங்கையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து நெஞ்சுக்கும் வந்தது. அக்கா அதன் மேலேயே உருண்டு, பூனை இறங்குவது போலத் தரைக்கு இறங்கினார். என் கால் அவர் கன்னத்திலிருந்து எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

முடிந்ததும் ஆசிரியை அக்காவைப் பார்த்தார். அக்கா தண்ணீர் குடித்துவிட்டு, “அடுத்த ஞாயிறும் இவன் வரட்டும். ஆனா கால் நல்லா கழுவிட்டு வரணும்” என்று மலாயில் சொன்னார். மாடியே சிரித்தது.

அன்றிரவு தெரிந்தவர் ஒருவர் வீட்டு ஹாலில் படுத்தேன். காலையில் பக்கத்தில் இருக்கும் பங்சாருக்கு நடந்து ஆபீஸ் கட்டடங்களில் ஒவ்வொன்றாக ஆள் வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றில் துப்புரவு வேலைக்கு ஆள் எடுக்கும் ஆன்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஞாயிறு கட்டடம் பூட்டிருவாங்க. ஓவர்டைம் கெடைக்காது, அப்பறம் கேக்கக் கூடாது.”

“அதான் ஆன்டி வேணும்.”

“ஏன், சர்ச்சா?”

“ஆட்டம் ஆன்டி.”

“இந்த வயசுலயா?” என்றபடி மாப்பையும் வாளியையும் என் பக்கம் தள்ளினார். மேல்மாடியிலிருந்து துடைத்துக்கொண்டு இறங்கச் சொன்னார்.