வண்டி நிற்கும் நேரம்

சண்டை முடிந்த மறுவருஷம் அரியலூர் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். வெளுத்த காக்கிச் சட்டை, ஒற்றைக் கால். திருச்சி ஆஸ்பத்திரியில் அன்று கட்டைக்காலுக்கு அளவெடுக்க வரச் சொல்லியிருந்தார்களாம். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், “வண்டி எவ்வளவு நேரம் நிக்குமுங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“ரெண்டு நிமிஷம்” என்றேன்.

“போன மாசம் ஊன்றுகோலை முதல்ல உள்ள போட்டேங்க. அது திருச்சி போயிடுச்சு, நான் இங்கயே நின்னுட்டேன். இந்தத் தடவை என்னை ஏத்திவுட்டுட்டு அப்புறம் அதைக் கொடுங்க.”

வண்டி வந்தது. இடுப்புயரத்தில் படி வைத்தவனைத் திட்டிக்கொண்டே கூட்டத்துக்குள் அவரைத் தூக்கி ஏற்றினேன். திரும்பி ஊன்றுகோலை எடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. ஓடினேன், எட்டவில்லை.

கதவைப் பிடித்தபடி அவர் கத்தினார்: “பரவாயில்லீங்க, நான் ஏறிட்டேன்!”

திருச்சியில் எப்படி இறங்கினாரோ.