பாய்ஸ் ரேக்கில் காணாமல் போன கிரேன்

சென்ற வாரம் எங்கள் கம்பெனியில் ஒரு திருட்டு நடந்தது. சரியாகச் சொன்னால், நடந்துவிட்டதென்று எல்லோரும் நம்பினார்கள்.

காணாமல் போனது நூல் அல்ல. துணி அல்ல. கைப்பிடியைச் சுற்றினால் கொக்கி ஏறி இறங்கும் ஒரு மஞ்சள் நிறப் பொம்மை கிரேன்!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். சமூகப்பணியில் முதுகலை முடித்து, வேலம்பாளையத்தில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் நல அலுவலராக இருக்கிறேன். கழிப்பறை, குடிநீர், முதலுதவிப் பெட்டி, குழந்தைகள் காப்பகம் – இவை என் பொறுப்பு. எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் வருகிறார் என்றால் இவையெல்லாம் திடீரென்று பளபளக்கும். அதனால்தானோ என்னவோ, எங்கே பளபளப்பைக் கண்டாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

இந்த முறை பளபளத்தது காப்பகம். ஆடிட்டுக்குச் சில நாட்கள் இருக்கும்போது எங்கள் மேனேஜர் கடைவீதிக்குப் போய் ஒரு டெம்போ நிறையப் பொம்மைகளோடு திரும்பினார். இரண்டு இரும்பு ரேக்குகள் போட்டார். ஒன்றில் கார், லாரி, கிரேன், துப்பாக்கி. இன்னொன்றில் மரப்பாச்சி மாதிரி விறைத்து நிற்கும் பொம்மைப் பெண்கள், சீப்பு, கண்ணாடி, சமையல் சாமான் பெட்டி. பிறகு, பேக்கிங் செக்‌ஷனில் மிச்சமிருந்த அட்டைப்பெட்டி ஸ்டிக்கர்களைக் கொண்டுவந்து ஒன்றில் ‘பாய்ஸ்’ என்றும் மற்றதில் ‘கேர்ள்ஸ்’ என்றும் ஒட்டினார்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் தொழிலே அவருக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

நாங்கள் தைப்பது குழந்தைகளின் டி-ஷர்ட். ஒரே துணி, ஒரே நூல், ஒரே மெஷின் – ஒரே மாவில் சுட்ட தோசைகள். நெஞ்சில் லாரியை அச்சடித்தால் அது பாய்ஸ். பட்டாம்பூச்சியை அச்சடித்தால் கேர்ள்ஸ். அந்த நிமிடத்திலிருந்து இரண்டுக்கும் வேறு மேசை, வேறு பெட்டி, வேறு ஸ்டிக்கர். பாய்ஸ் லாட்டில் ஒரு பீஸ் குறைந்தால் பாய்ஸ் லாட்டில் மட்டும்தான் தேடுவோம். மற்றதைத் தொட்டால் அதுவும் கலந்து போகும் அல்லவா?

“சார், இதெல்லாம் சின்னக் குழந்தைங்க. பொம்மையை எல்லாம் ஒண்ணாவே வெச்சுக்கலாமே?” என்று கேட்டேன்.

“கலந்தா கணக்கு நிக்காதுங்க மேடம். பாக்கறவங்களுக்கு நீட்டா இருக்கோணுமுங்க.”

கணக்கு நிற்பதற்காகவா குழந்தைகள் விளையாடுகிறார்கள்? கேட்க நினைத்தேன். ஆனால் பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் விஷயம் அவரிடம் நிலுவையில் இருந்தது. ஒரே நாளில் இரண்டு போர்முனை திறக்க வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

காப்பகத்தில் ஆயாவாக இருப்பவர் பழனாத்தாள். தங்கமான மனுஷி. ஸ்டிக்கரில் இருந்த ஆங்கிலம் அவருக்குப் படிக்கத் தெரியாது, படிக்கவும் தேவைப்படவில்லை. தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் வேலை செய்யும் சாந்தாமணியின் மகள் தாரணி – நான்கு வயது – நேரே போய் கிரேனை எடுத்தாள். ஆயா அதை வாங்கி மேலே வைத்துவிட்டார்.

“அது பசங்க சாமானம் கண்ணு. நீ இங்க வா, சோறாக்கி வெளையாடு.”

“ஏன்?”

“ஏனா? அது அப்படித்தாஞ் சாமி.”

‘அது அப்படித்தான்’ – தமிழில் எனக்கு மிகுந்த சந்தேகம் தரும் வாக்கியம் இதுவே. எங்கள் தையல் லைனைப் பாருங்கள். பவர் டேபிள் மெஷினில் உட்கார்ந்து பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் தைத்ததில் பிசிறு வெட்டிக்கொண்டு நிற்பவர்கள் பெண்கள். ஆனால், அதே டெய்லரின் சட்டைப் பொத்தான் வீட்டில் அறுந்தால் ஊசியைத் தேடுவது யார்? காசு வந்தால் தையல் ஆண் வேலை; காசு வராவிட்டால் பெண் வேலை. கேட்டால்... அது அப்படித்தான்!

தாரணி அன்று மட்டுமல்ல, தினமும் கிரேனை எடுத்தாள். தினமும் அது பிடுங்கப்பட்டது. பக்கத்தில் டேனியல் என்ற சிறுவன், அவள் வயதுதான், தடையில்லாமல் கிரேன் ஓட்டினான். அவனுடைய அம்மா ஜெபக்கனி, திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து இதே செக்கிங்கில் வேலை செய்பவர். கணவர் இல்லை. கம்பெனி பின்புறம் கம்பெனியே கொடுத்த லைன் வீட்டில் மகனோடு குடியிருக்கிறார்.

ஆடிட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் கிரேன் காணோம்.

பாய்ஸ் ரேக்கை இறக்கித் தேடினார்கள். ரேக்குக்குப் பின்னால், ரேக்குக்கு அடியில், ஒவ்வொரு காரையும் லாரியையும் நகர்த்தி... இல்லை. கேர்ள்ஸ் ரேக்கை ஒருவரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குறைந்தது பாய்ஸ் லாட் ஆயிற்றே!

மேனேஜர் தீர்ப்புக்கு வந்துவிட்டார். “பசங்களுக்கு வண்டின்னா உசுருங்க மேடம். அந்த டேனியல் கேட்டு அழுதிருப்பான். அந்தம்மா தூக்கிட்டுப் போயிருக்கும்.”

“பெண் குழந்தைகள் யாராவது எடுத்திருந்தால்?”

சிரித்தார். “பொம்பளப் புள்ள கிரேன எடுத்து என்னங்க பண்ணப் போகுது?”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கேட்டைத் தாண்டி ஒரு கட்பீஸ் வெளியே போனாலும் அன்றே வேலை போய்விடும். வேலை போனால் லைன் வீடும் போய்விடும். பொம்மைக்கும் அதே சட்டம்தான். இன்னொரு கம்பெனிக்குப் போகலாமே என்கிறீர்களா? போகலாம். அதற்கு முன்பே ‘கைநீளம்’ என்ற பேர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஐந்தரை மணிக்குக் கேட்டில் வரிசை நின்றது. செக்யூரிட்டி ருக்மணி மேசை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே கேள்வி கேட்டார்.

“உங்களுக்குப் பொண்ணா, பையனா?”

“பொண்ணுங்க.”

“போங்க, போங்க.”

பையன் என்றவர்களின் பை திறக்கப்பட்டது. ஜெபக்கனியின் முறை வந்ததும் ருக்மணி பையைத் தலைகீழாகவே கவிழ்த்தார். தூக்குச்சட்டி, துண்டு, டேனியலின் ஒரு ஜோடி செருப்பு. அவ்வளவுதான். வரிசையில் யாரோ, “இன்னிக்கு வெச்சிருப்பாங்களா? நேத்தே ஊடு போய்ச் சேந்திருக்கும்” என்றார்கள். சிரிப்பு.

“நாளைக்கு ஆடிட் முடியட்டும்மா. முடிஞ்சதும் ஆபீஸ் ரூமுக்கு வா” என்றார் மேனேஜர். ஆபீஸ் ரூமுக்கு வரச்சொன்னால் கணக்கு முடிக்கிறார்கள் என்று பொருள்.

ஜெபக்கனி செருப்பைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: “எம்பிள்ளைக்கு வெளையாட்டுச் சாமான் வாங்க வழியில்லாட்டா, இல்லன்னு சொல்லி வளத்துக்கிடுவேன் சார். எடுத்துக் குடுத்து வளக்க மாட்டேன்.”

மறுநாள் ஆடிட்டர் வந்தார். பெங்களூர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். எதையும் நம்பாத கண்கள் – என் இனம்! காப்பகத்துக்குள் நுழைந்ததும் ரேக்கைத்தான் பார்த்தார். பாதிப் பொம்மைகளின் பாலிதீன் உறையே பிரிக்கப்படவில்லை.

“எல்லாம் புதுசா இருக்கே? குழந்தைங்க விளையாடுறாங்களா?”

“ரொம்பப் பத்திரமா வெளையாடுவாங்க சார்” என்றார் மேனேஜர்.

ஆடிட்டர் அடுத்த ரேக்குக்கு நகர்ந்தார். கேர்ள்ஸ் ரேக்கின் கீழ்த்தட்டில் ஒரு பெட்டியின் மூலை மட்டும் கிழிந்திருந்தது. “இதைத் திறங்க.”

சமையல் சாமான் பெட்டி. பழனாத்தாள் திறந்தார். உள்ளே தோசைக்கல், கரண்டி, குக்கர்... அவற்றின் மேல் மஞ்சள் கிரேன். கொக்கியில் ஓவர்லாக் நூலால் ஒரு பிளாஸ்டிக் குடம் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தது.

யாரும் பேசுவதற்குள் தாரணி ஓடிவந்தாள். “தொடாதீங்க! அது என்னுது! தண்ணி சேந்தறேன்!”

ஆடிட்டர் குனிந்தார். “யாரு பாப்பா இதை இங்கே வெச்சது?”

“நாந்தான். அங்க வெச்சா ஆயா புடுங்கிக்கும்.”

ஆடிட்டர் முதல்முறையாகச் சிரித்தார். குழந்தைகள் உண்மையிலேயே விளையாடும் காப்பகம் என்பதற்கு அந்த அறையில் இருந்த ஒரே சாட்சி அதுதானே! திருப்தியோடு அடுத்த இடத்துக்குப் போனார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

“டேனியல்தான் அங்க ஒளிச்சு வெக்கச் சொல்லியிருப்பான். பையன் புத்தி” என்றார் மேனேஜர்.

சாந்தாமணியை அழைத்தோம். பதறிப்போனார். “எம்புள்ளைக்கு இந்தக் களவாணிப் புத்தியெல்லாம் வராதுங்க. அந்தப் பையன்தானுங்க எடுத்துக் குடுத்திருப்பான்.”

“இல்ல! நாந்தான் எடுத்தேன்!” என்றாள் தாரணி.

“சும்மா இரு கண்ணு. உனக்கு என்ன தெரியும்?”

எடுத்தவளே ஒப்புக்கொள்கிறாள், ஏற்க ஆளில்லை. பெட்டியைத் திறந்து காட்டிய பிறகும் ஸ்டிக்கரையே நம்புகிறோம். நீ செய்ததை நீ செய்திருக்கவே முடியாது என்று ஒரு சிறுமியிடம் சொல்கிறோம். செய்யாததை நீதான் செய்திருப்பாய் என்று ஒரு சிறுவனிடம் சொல்கிறோம். பத்து, பதினைந்து வருடம் கழித்து இந்த இரண்டு பேரும் எங்கே போய் நிற்பார்கள்? அவள் கிரேனை மறந்து பிசிறு வெட்டிக்கொண்டிருப்பாள். அவன்? எப்படியும் என்னைத்தானே சொல்லப் போகிறார்கள் என்று துணிந்திருப்பான். மிகையாகப் பேசுகிறேனா? உங்கள் வீட்டில் கண்ணாடி உடைந்தால் முதலில் யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஜெபக்கனியை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்றும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. நான் மேனேஜரிடம் போனேன்.

“நேத்து எல்லார் முன்னாடியும் கேட்டோம். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்.”

“அதான் வேலை போகலியேங்க மேடம். இன்னும் என்னங்க வேணும்?”

வேறு வழியின்றி நானே செக்கிங் மேசைக்குப் போய்ச் சொன்னேன். ஜெபக்கனி கையிலிருந்த பீஸை விரித்து, தையலைப் பார்த்து, மடித்து வைத்தார். “கெடச்சிட்டுன்னு எங்கிட்ட சொல்லுதிய மேடம். இவியகிட்ட யாரு சொல்லுவா?” அடுத்த பீஸை எடுத்தார். சுற்றி நின்ற பெண்கள் மும்முரமாகத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் கேட். கிரேன் கிடைத்துவிட்டதால் சோதனை இல்லை. ருக்மணி கையை ஆட்டி எல்லோரையும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஜெபக்கனி, இடுப்பில் டேனியலோடு மேசை முன் வந்து நின்றார்.

“போங்க, போங்க” என்றார் ருக்மணி, முகத்தைப் பார்க்காமல்.

ஜெபக்கனி போகவில்லை. மகனை இறக்கிவிட்டு, பையை எடுத்து, மேசை மேல் தானே கவிழ்த்தார். தூக்குச்சட்டி உருண்டு விளிம்பில் நின்றது.

“பாருங்க.”

“ஐயோ, வேண்டாமுங்க. அதான் கெடச்சிருச்சே...”

“நேத்து எல்லாரும் பாத்தாவல்லா? இன்னைக்கும் பாக்கட்டும். நல்லாப் பாத்துட்டு விடுங்க.”

ருக்மணிக்கு வேறு வழியில்லை, பார்த்தார். பையில் ஒன்றுமில்லை.

திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றது, வரிசையில் இருந்த நாங்கள்தான்.