கிணற்றடிக் கொட்டில்

என் அம்மா ஆச்சிப்பிள்ளை ஆரையம்பதியில் ஒரே வளவுக்குள் பிறந்து, மணமுடித்து, நான்கு பிள்ளைகள் பெற்று, ஐம்பத்தைந்தாவது வயதில் அங்கேயே இறந்துபோனாள். பிறந்த வீட்டு வாசலிலிருந்து இறந்த கொட்டில் வரைக்கும் எழுபது அடி வைத்தால் போதும். நான் நடந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். கொஞ்ச நாள் சேர்ந்திருந்துவிட்டுப் பெற்றவர்கள் பக்கத்தில் வேறொன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அதுவும் போகும். ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது, அவன் பெண்சாதி வீட்டில் போய் இருக்க வேண்டியவன். காலங்காலமாக நடப்பதுதான், யாரும் இதில் குறை சொன்னதில்லை. சொன்னவன் நான் ஒருவன்தான்.

அம்மாவுக்கு மூன்று பெண்கள், கடைசியாக நான். அறுபத்துநான்காம் ஆண்டு மூத்தவள் புஸ்பம் அக்காவுக்குக் கல்யாணமானபோது, தன் தாய் தனக்குத் தந்த வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா இரண்டாவது வீட்டுக்கு வந்தாள். சின்னக்கா கல்யாணத்தோடு அதையும் விட்டு மூன்றாவதற்கு வந்தாள். அப்பா சந்தையில் கூனி இறால் விற்றுச் சேர்த்ததெல்லாம் கல்லும் ஓடுமாகப் பிள்ளைகளுக்குப் போனது. ஒவ்வொரு முறையும் அம்மா கேட்டு எடுத்துக்கொண்டது அம்மியை மட்டும்தான். அதைச் சாக்கில் போட்டு அப்பாவும் நானும் இழுப்போம். குழவியைப் பிள்ளைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா பின்னால் வருவாள். "பாவம், இதுக்கும் நம்மளப் போல ஓரிடத்தில இரிப்பில்ல" என்று சிரிப்பாள்.

மருமகன்மார் முன்னால் அவள் நின்று நான் கண்டதில்லை. அவர்களில் ஒருவர் கிணற்றடிக்கு வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் போதும், பாதி இழுத்த வாளியைக் கிணற்றுக்குள்ளேயே விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். புஸ்பம் அக்காவின் புருஷருக்கு வயிற்றுப் புண். அதனால் அவர் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மிளகாய் உறைப்புக் கிடையாது. நல்ல உறைப்புக்காரியான அம்மாவும் வெள்ளைக்கறியையே தின்றாள்.

கடைசி அக்காவுக்கும் வீட்டைக் கொடுத்த மறு வருடம் அப்பா இறந்துபோனார். வளவின் பின்பக்கம், கிணற்றடியில், கிடுகு வேய்ந்த கொட்டில் ஒன்று போட்டுக்கொண்டு அம்மா அதற்குள் போனாள். அம்மியும் போனது. எழுபத்தெட்டில் நான் கரடியனாற்றுக் கமலாவதியைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

எண்பத்தொன்றாம் ஆண்டு ஐப்பசியில் அம்மாவின் கால் வீங்கியது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. அந்த வருடம் மழை விட்டபாடில்லை. நான் கிழமைக்கொரு தரம் பஸ் ஏறி வருவேன். முன்னால் மூன்று ஓட்டு வீடு, பின்னால் ஒழுகுகிற கொட்டிலுக்குள் அவற்றைக் கொடுத்தவள். என்னோடு வா என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அது உன்ட ஊடில்ல மனே, உன்ட பொஞ்சாதிட ஊடு" என்றாள் அம்மா. "அங்க நீயே விருந்தாளி. விருந்தாளிக்குப் பின்னால ஒரு விருந்தாளியா?"

என் கோபத்தைக் கொண்டுபோய்ப் புஸ்பம் அக்காவின் வாசலில் கொட்டினேன். பெற்றவளை மழைக்குள் விட்டுவிட்டு எப்படிச் சோறு இறங்குகிறது என்று கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மார்கழியில் அம்மா இறந்தாள். புஸ்பம் அக்கா வீட்டு மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, அம்மாவை அங்கே கொண்டுவந்து கிடத்த எல்லாம் செய்து வைத்திருந்தார்கள். நான் குறுக்கே நின்றேன். "உயிரோட எடுக்காத ஊட்டுக்குள்ள பிணமாப் போக வேணாம்" என்று ஊர் கேட்கச் சொன்னேன். யாரும் என்னை மீறவில்லை, மகன் அல்லவா. கொட்டிலிலிருந்துதான் அம்மாவைத் தூக்கினோம், முழங்கால் தண்ணீருக்குள். அன்றைக்குப் பிறகு நான் புஸ்பம் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. அவள் புருஷர் செத்தபோது இழவுக்கு வந்தும் தெருவோரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

போன ஆவணியில் எங்கள் இளைய மகள் அஜந்தாவுக்கு வீட்டை எழுதப் போனோம். உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு என் மனைவியிடம், சீவிய உரித்து வைத்துத்தானே எழுதுவது என்று கேட்டார். அப்படியென்றால் என்ன என்றேன். வீடு மகளுக்கு, ஆனால் தாய் சாகும்வரைக்கும் அதில் இருக்கத் தாய்க்கு உரிமை, யாரும் எழுப்ப முடியாது என்றார். அந்தக் காலத்திலும் இப்படி எழுதுவார்களா என்று கேட்டேன். பழைய சீதன உறுதிகளில் அதைச் சேர்க்காமல் எழுதியதை அவர் அதிகம் கண்டதில்லையாம்.

அப்படியானால் அம்மாவுக்கு உரிமை இருந்திருக்கிறது, தெரிந்துகொண்டே வெளியே விட்டிருக்கிறார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று கமலாவதி தடுத்துப் பார்த்தாள். நான் கேட்கவில்லை, அடுத்த பஸ்ஸில் ஆரையம்பதிக்கு வந்து இறங்கினேன்.

புஸ்பம் அக்காவுக்கு எண்பத்தொரு வயது. படிக்கு வெளியே நின்றபடி, அம்மா எழுதித் தந்த உறுதியைக் கொண்டுவரச் சொன்னேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் பெட்டியைத் திறந்து எடுத்து வந்து தந்தாள். இரண்டாம் பக்கத்தில் இருந்தது: சீவிய உரித்து. கீழே அம்மாவின் பெருவிரல் அடையாளம்.

இது இருந்துமா அம்மாவைக் கொட்டிலில் விட்டீர்கள் என்று கேட்டேன். அக்கா மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"அது அவக்குத் தெரியும் தம்பி. நானும் வாசிச்சுக் காட்டினன். எத்தின தரம் கூப்பிட்டன். ஒருநாள் மழைக்குள்ள நாங்களே தூக்கி வந்து கட்டில்ல கிடத்தினம். மழை விட்டதும் எழும்பிப் போயிட்டா. குடுத்த ஊட்டுக்குள்ள திரும்ப வந்து படுத்தா அது குடுத்ததாகுமா எண்டு கேட்டா. இந்தக் கொட்டிலக் கேக்க இனி எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்ல, இது எனக்குத்தான் எண்டு சொல்லிச் சிரிச்சா. அங்க இருந்துதான் அவ ஆசப்பட்ட மாதிரி உறைப்பா அரைச்சுத் திண்டவ."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஊருக்கு முன்னால் உன்னை நான் எவ்வளவு பேசினேன் என்றேன்.

"அம்மாதான் சொல்லாத எண்டவ. 'ஊட்டுக்கு வரமாட்டன் எண்டது நான்தான் எண்டு தெரிஞ்சா அவன் தன்னையே நோவான், தாய வச்சுப் பாக்கத் தனக்கொரு ஊடு இல்லையே எண்டு. உன்னில கோவிக்கட்டும், நீ தாங்குவாய், அவன் தாங்கமாட்டான்' எண்டா."

நாற்பத்துநான்கு வருடம். அம்மாவின் கணக்குப் பிழைக்கவில்லை, அக்கா தாங்கித்தான் இருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தக் கொட்டிலுக்குள் மூச்சு முட்டிக் கிடந்தவள் என்னைத்தான் நினைத்துக் கிடந்திருக்கிறாள் என்பது தாங்க முடியாமல் இருந்தது. எழுபது வயதில், தெருவில் போகிறவர்கள் பார்க்க, அழுதேன்.

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படி ஏறினேன். தேத்தண்ணி குடிக்கிறாயா என்று கேட்டுவிட்டு அக்கா சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போனாள். அடுப்பில் கேத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே கேட்டாள்.

"தம்பி, உனக்குச் சீனி வருத்தம் இரிக்கா? எவ்வளவு போடுறதெண்டு எனக்குத் தெரியாதே."